வங்குரோத்தாளனாவதற்கும் தகுதி வேண்டும்: ஆங்கிலச் சட்டத்திற் கடனாளி பெற்ற நிவாரணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பட்ட கடனை இறுக்க வகையற்றவனை என்செய்வது என்பது மிகப் பழைய வினாவாகும். பண்டைய உரோமர் அத்தகையோனை அடிமையாக விற்பதற்கும் இடமளித்தனர். பிற்காலச் சமுதாயங்கள் அவனது நிலத்தைப் பறித்தன. அல்லது அவனது உடலைச் சிறையில் அடைத்தன. கடனாளி ஒருவன் தன்னிடமுள்ள உடைமைகளை ஒப்படைத்துவிட்டு, எஞ்சிய கடன்களிலிருந்து சட்டப்படி விடுபட்டு, வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கலாம் என்ற கருத்து மனித வரலாற்றில் மிகப் பிந்தியே தோன்றியது. இக்கருத்து ஆங்கில நாட்டில் வேரூன்றி வளர்ந்த வரலாறு ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளைத் தழுவியது. இலங்கையின் சட்டமும் அவ்வரலாற்றின் ஒரு கிளையைத் தன்னுட் கொண்டிருத்தலால், அது நமது கவனத்துக்கும் உரியதாகின்றது.

வங்குரோத்துச் சட்டத்தின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கொடுமையிலிருந்து கருணையை நோக்கிய ஒரு நேர்கோட்டுப் பயணமாகவே அதனைச் சித்திரிப்பர். காது அறுத்தலிற் தொடங்கிக் கடன் விடுவிப்பில் முடிவதால் அச்சித்திரிப்பு முற்றிலும் பிழையானதன்று. எனினும், நிவாரணம் உண்டா என்ற வினாவோடு நின்றுவிடாது, அந்நிவாரணம் யாருக்கு உண்டு என்ற வினாவையும் எழுப்பினால் வரலாறு வேறொரு தோற்றத்தைப் பெறுகின்றது. ஒவ்வொரு காலத்துச் சட்டமும் நிவாரணத்தின் வாயிலில் ஒரு காவலனை நிறுத்தியது. ஒரு காலத்தில் அக்காவலன் கடனாளியின் தொழிலை வினவினான். இன்னொரு காலத்தில் அவனது ஒழுக்கத்தை வினவினான். பின்னர் கடனின் தொகையை வினவினான். இறுதியில் விண்ணப்பக் கட்டணத்தை வினவினான். இத்தகுதி விதிகளின் வழியே அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குற்றவாளியாகக் கருதப்பட்ட கடனாளி

எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1542ஆம் ஆண்டில், ஆங்கிலப் பாராளுமன்றம் முதலாவது வங்குரோத்துச் சட்டத்தை இயற்றியது. பிறருடைய பொருளைக் கடனாகப் பெற்றுக்கொண்டு தலைமறைவாவோரையும், வீட்டுக்குள் ஒளிந்திருந்து கடன்கொடுத்தோரை ஏமாற்றுவோரையும் அது குற்றவாளிகளாகவே நோக்கியது. கடனாளியின் சொத்தைக் கைப்பற்றிக் கடன்கொடுத்தோரிடையே விகிதப்படி பங்கிடுவதே அதன் நோக்கம். கடனாளிக்கு அதில் எவ்வித உரிமையும் இல்லை.

முதலாம் எலிசபெத்தின் காலத்தில், 1571ஆம் ஆண்டில், இச்சட்டம் வணிகருக்கு மட்டுமே உரியதாக்கப்பட்டது. வணிகன் கடன் வாங்காது தொழில் நடத்த இயலாது. கடலும் சந்தையும் அவனை ஒரே நாளில் வீழ்த்தக்கூடும். ஆதலின் அவனது கடன் தொழிலின் இயல்பால் விளைந்தது எனக் கொள்ளப்பட்டது. உழவன், கூலியாள், நிலக்கிழான் ஆகியோரின் கடன் அவர்களது ஊதாரித்தனத்தால் விளைந்ததெனக் கொள்ளப்பட்டது. கடன்கொடுத்தோரின் கருவியாக வகுக்கப்பட்ட இவ்வரம்பு, பின்னாளில் வங்குரோத்து என்பது கடனாளிக்குரிய சலுகையாக மாறியபோது, சமுதாயத்தின் பெரும் பகுதியினரை அச்சலுகைக்குப் புறத்தே நிறுத்திய மதிலாயிற்று.

முதலாம் ஜேம்ஸ் காலத்து 1604ஆம் ஆண்டுச் சட்டம், தன் உடைமைகளைப் பற்றிப் பொய்ச்சத்தியம் செய்த வங்குரோத்தாளனைத் தண்டனை மரத்தில் நிறுத்தி அவனது காதொன்றை அறுத்தெறிய விதித்தது. கடனாளியின் சொல்லை நம்புவதற்கு அக்காலச் சட்டம் ஆயத்தமாக இருக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1705ஆம் ஆண்டின் திருப்பம்

ஆன் அரசியின் காலத்தில், 1705ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் இவ்வரலாற்றின் பெருந்திருப்பம் எனலாம். தன் கணக்குகளை ஒளிவுமறைவின்றி வெளிப்படுத்தி, உடைமைகளை முழுமையாக ஒப்படைத்த வணிகன், எஞ்சிய கடன்களிலிருந்து விடுதலை பெறலாம் என அது முதன்முறையாக விதித்தது. ஒரு பவுண் கடனுக்கு எட்டுச் சிலிங்காவது கொடுக்கத்தக்க அளவில் அவனது சொத்துத் தேறுமாயின், 200 பவுணுக்கு மேற்படாத வகையில் நூற்றுக்கு ஐந்து வீதம் அவனுக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது. சொத்துக்களை மறைத்தவனுக்கு அதே சட்டம் மரண தண்டனை விதித்தது. ஒரு கையில் மன்னிப்பையும் மறு கையில் தூக்குக் கயிற்றையும் ஏந்தி நின்ற சட்டம் இது. ஜோன் பெரட் என்னும் இலண்டன் துணி வணிகன், உடைமைகளை மறைத்த குற்றத்துக்காக 1761ஆம் ஆண்டில் ஸ்மித்ஃபீல்டிற் தூக்கிலிடப்பட்டான்.

இச்சீர்திருத்தத்தை வேண்டி எழுதியவர்களுள் எழுத்தாளர் டானியல் டிபோவும் ஒருவர். 1692ஆம் ஆண்டில் ஏறத்தாழ 17,000 பவுண் கடனோடு வீழ்ச்சியுற்றவர் அவர். இறுக்க முடியாதவனை நசுக்குவதாற் கடன்கொடுத்தவனுக்கும் பயனில்லை என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

ஆயினும் விடுதலை எளிதிற் கிட்டவில்லை. மறு ஆண்டிலேயே கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, தொகையிலும் தொகையினரிலும் ஐந்தில் நான்கு பங்கினரான கடன்கொடுத்தோர் சம்மதித்தாலன்றி விடுதலைச் சான்றிதழ் கிடைக்காதென்றாயிற்று. 1732ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வரம்பையும் உறுதிப்படுத்தியது. வங்குரோத்து நடவடிக்கையைத் தொடங்கும் கடன்கொடுத்தவர் தனியொருவராயின் அவருக்குரிய கடன் 100 பவுணாகவும், இருவராயின் 150 பவுணாகவும், மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோராயின் 200 பவுணாகவும் இருத்தல் வேண்டும். நடவடிக்கையைத் தொடங்கும் உரிமை கடனாளிக்கு இல்லை. ஆகவே நிவாரணத்தை நாடிய வணிகன், தன்மீது வழக்கிடுமாறு நட்புள்ள கடன்கொடுத்தவர் ஒருவரை இரகசியமாக வேண்டிக்கொள்ள நேர்ந்தது. 1825ஆம் ஆண்டுச் சட்டமே, வணிகன் தன் கடனிறுக்க வகையின்மையைத் தானே பிரகடனஞ் செய்து நடவடிக்கைக்கு வழிகோலலாம் என வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

இவ்வரம்புகளின் விளைவு முரண்பாடானது. பல நூறு பவுண் கடன்பட்ட வணிகன் விடுதலை பெற்றான். பத்துப் பவுண் கடன்பட்ட தச்சன் சிறை புகுந்தான்.

சிறைச்சாலையும் இருபது பவுணும்

வணிகர் அல்லாத கடனாளிக்கும், சிறு தொகைக் கடனாளிக்கும் இருந்த ஒரே இடம் சிறைச்சாலையாகும். கடன்கொடுத்தவர் கடனாளியின் உடலைப் பிணையாகப் பற்றி, கடன் தீரும்வரை மறியலில் வைத்திருக்கலாம். உழைத்துப் பொருளீட்ட வேண்டியவனை உழைக்க முடியாத இடத்தில் அடைத்துவைத்துப் பணம் கேட்ட இம்முறையின் அறிவின்மையைப் பலர் கண்டித்தனர். சாமுவேல் ஜோன்சன் 1758, 1759ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில், இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கடனுக்காகச் சிறையில் வாடுவதாகக் கணித்தார். அத்தொகை ஐயத்துக்குரியது எனப் பின்னர் அவரே ஏற்றுக்கொண்டார்.

சிறைகளோ தனியாரின் இலாபத்துக்காக நடத்தப்பட்டன. அறைக்கும் படுக்கைக்கும் சங்கிலியைத் தளர்த்துவதற்கும் தனித்தனியே கட்டணம் அறவிடப்பட்டது. கட்டடக்கலை அறிஞரான ரொபேட் காசல் கட்டணம் செலுத்த இயலாமையாற் பெரியம்மை பரவியிருந்த வீடொன்றில் அடைக்கப்பட்டு, 1728ஆம் ஆண்டில் மாண்டார். அவருடைய நண்பரும் பாராளுமன்ற உறுப்பினருமான ஜேம்ஸ் ஒகில்தோர்ப்பின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, 1729ஆம் ஆண்டில், மார்ஷல்சிச் சிறையில் வறிய கடனாளிகள் பட்டினியால் மடிந்ததை வெளிப்படுத்தியது. 1759ஆம் ஆண்டுச் சட்டம், 100 பவுணுக்கு மேற்படாத கடனுக்காகச் சிறைப்பட்டவன் தன் உடைமைகளை ஒப்படைத்து வெளியேற வழிசெய்தது. அவனைத் தொடர்ந்து சிறையில் வைக்க விரும்பும் கடன்கொடுத்தவர் அவனது உணவுக்கு நாளொன்றுக்கு நான்கு பென்ஸ் வீதம் செலுத்த வேண்டும் என்றது.

1813ஆம் ஆண்டிற் கடனிறுக்க வகையற்றோர் நிவாரண நீதிமன்றம் என்னும் நிலையான நீதிமன்றம் தோற்றுவிக்கப்பட்டது. இந்நிவாரணத்தைப் பெறுவதற்கான முதற் தகுதி, சிறையில் இருத்தலாகும். சிறைக்கு வெளியே நின்று அதனைக் கேட்க முடியாது. இரண்டாவது தகுதி, கடனாளியும் குடும்பத்தினரும் தம்மிடம் வைத்துக்கொள்ளும் உடை முதலிய பொருள்களின் பெறுமதி 20 பவுணுக்கு மேற்படாதிருத்தலாகும்.

இவ்விதி குடும்பமொன்றின் வாழ்க்கையில் எவ்வாறு நுழைந்தது என்பதற்கு ஆங்கில இலக்கிய வரலாறே சான்று தருகின்றது. சாள்ஸ் டிக்கன்ஸின் தந்தையார் ஜோன் டிக்கன்ஸ், ரொட்டிக் கடைக்காரர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய சுமார் 40 பவுணுக்காக, 1824ஆம் ஆண்டு பெப்ரவரியில் மார்ஷல்சிச் சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான சாள்ஸ் சப்பாத்து மை தயாரிக்கும் தொழிலகம் ஒன்றில் வேலைக்கமர்த்தப்பட்டான். தந்தையார் நிவாரணத்துக்கு விண்ணப்பித்தபோது, சிறுவன் அணிந்திருந்த உடைகளும் மதிப்பிடப்பட வேண்டியிருந்தமையால், அவன் மதிப்பீட்டாளர் முன்னிலையில் நிறுத்தப்பட்டான். அவனது சட்டைப்பையில் இருந்த, பாட்டியார் கொடுத்த வெள்ளிக் கடியாரம் உடைமைகளின் பெறுமதியை 20 பவுணுக்கு மேல் உயர்த்திவிடுமோ என அவன் அஞ்சியதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அவருடைய நண்பர் போர்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அது இடம்பெற்றுள்ளது. ஜோன் டிக்கன்ஸ் மே 28ஆந் திகதி விடுதலையானார். சட்டத்தின் ஒரு வரியில் எழுதப்பட்ட 20 பவுண் என்னும் எண், ஒரு சிறுவனின் சட்டைப்பைவரை சென்று அவனை நடுங்கவைத்தது.

இந்நீதிமன்றம் தந்த விடுதலையும் அரைகுறையானதே. வணிகன் பெற்ற சான்றிதழ் கடனையே அழித்தது. வகையற்றோன் பெற்ற ஆணை அவனது உடலை மட்டுமே விடுவித்தது. பின்னாளில் அவன் ஈட்டும் பொருள் பழைய கடனுக்குத் தொடர்ந்து உட்பட்டிருந்தது. 1842ஆம் ஆண்டுச் சட்டம் வணிகரல்லாதோரும், 300 பவுணுக்குக் குறைந்த கடனுள்ள வணிகரும் சிறை புகாமலே பாதுகாப்புக் கோரலாம் என விதித்தது.

மூவகைச் சான்றிதழும் இலங்கையும்

1849ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் கடனாளியின் ஒழுக்கத்துக்குப் புள்ளியிட முனைந்தது. தவிர்க்க முடியாத நட்டங்களால் வீழ்ந்தவனுக்கு முதலாந் தரச் சான்றிதழ்; ஒரு பகுதி மட்டுமே அவ்வாறு நேர்ந்ததாயின் இரண்டாந் தரம்; தவிர்க்க முடியாத நட்டம் எதுவுமின்றி வீழ்ந்தவனுக்கு மூன்றாந் தரம். மூன்றாந் தரச் சான்றிதழ் பெற்றவன் கடனிலிருந்து விடுபட்டாலும், வணிக உலகில் அவப்பெயரோடே உலவ வேண்டியவனானான். இத்தரப்படுத்தல் நீதிபதிக்கு நீதிபதி வேறுபட்டமையால் 1861ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அது கைவிடப்பட்டது.

ஆனால் அதற்குள் அம்முறை கடல் கடந்துவிட்டது. இலங்கையில் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கடனிறுக்க வகையற்றோரின் சொத்துக்களை நிருவகிக்கும் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றங்களுக்கு அளித்தபோது, நான்கு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலச் சட்டத்தின் அமைப்பையே பெரிதும் தழுவியது. தாய்நாட்டிற் பத்தாண்டு தாண்டியதும் கைவிடப்பட்ட சான்றிதழ் வகுப்புமுறை, குடியேற்ற நாட்டில் இருபதாம் நூற்றாண்டிலும் நீதிமன்றத் தீர்ப்புகளில் இடம்பெற்றது. இரவற் சட்டங்களின் இயல்பு இதுவாகும்: தந்தவர் திருத்திக்கொண்ட பின்னரும் பெற்றவர் பழையதையே காப்பர்.

இலங்கைக் கிராமத்துக் கடனாளியின் இடர் இக்கட்டளைச் சட்டத்தால் தீரக்கூடியதாக இருக்கவில்லை. அவனது கடன் பெரும்பாலும் நிலத்தை ஈடுவைத்துப் பெற்றது. அல்லது மீட்டுக்கொள்ளும் நிபந்தனையோடு உறுதி எழுதிக்கொடுத்துப் பெற்றது. அவனுக்கு வேண்டியிருந்தது வங்குரோத்தாளன் என்ற பெயரன்று. நிலத்தை இழக்காது தவணையிற் கடனை இறுக்குவதற்கான ஓர் ஏற்பாடே. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம், கடன் இணக்கச் சபையைத் தோற்றுவித்து இருதரப்பினரையும் ஓரிடத்திற் கூட்டி இணக்கங் காண வழிசெய்தமை இத்தேவையை உணர்ந்த முயற்சியாகும்.

சிறையொழிந்தும் ஒழியாத நிலை

1861ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் வணிகர், வணிகரல்லாதோர் என்ற வேறுபாட்டை நீக்கியது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக நின்ற மதில் வீழ்ந்தது. 1869ஆம் ஆண்டின் கடனாளிகள் சட்டம் கடனுக்காகச் சிறைவைத்தலைப் பொதுவிதியாக ஒழித்தது.

இவ்விரண்டு சீர்திருத்தங்களும் ஏட்டிற் கூறப்படும் அளவுக்கு ஏழைகளுக்குப் பயன்படவில்லை. 1869ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு விதிவிலக்கை வைத்திருந்தது. இறுக்க வகையிருந்தும் இறுக்காதவனை ஆறு வாரங்கள்வரை சிறைக்கு அனுப்பும் அதிகாரம் மாவட்டச் சிறுவழக்கு நீதிமன்றங்களுக்கு விடப்பட்டது. வகையிருந்ததா என்பதை அந்நீதிமன்றங்கள் ஆழ்ந்து ஆராயவில்லை. அதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டுதோறும் பல்லாயிரந் தொழிலாளர், கடைக் கடனுக்கும் துணிமணிக் கடனுக்குமாகச் சிறை சென்றனர். பெருங்கடன் பட்ட வணிகனுக்கு வங்குரோத்து நீதிமன்றம்; சிறுகடன் பட்ட தொழிலாளிக்குச் சிறைச்சாலை என்ற பழைய வேறுபாடு புதிய உருவில் நீடித்தது. வாணிபக் கடன்களுக்கான இச்சிறைத் தண்டனை, பெய்ன் குழுவின் 1969ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, 1970ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே நீங்கியது.

வாணிப அமைச்சராக இருந்த ஜோசப் சேம்பர்லின் நிறைவேற்றிய 1883ஆம் ஆண்டின் வங்குரோத்துச் சட்டம் இருவகையிற் குறிப்பிடத்தக்கது. முதலாவதாக, கடனாளியின் வீழ்ச்சிக்கான காரணங்களை ஆராயும் உத்தியோகபூர்வப் பெறுநர் என்னும் அரசாங்க அலுவலரை அது நியமித்தது. வங்குரோத்து என்பது கடன்கொடுத்தோரின் தனிப்பட்ட விவகாரம் மட்டுமன்று, பொதுநலனுக்கும் உரியது என்ற கொள்கை இதனால் நிலைபெற்றது. இரண்டாவதாக, 50 பவுணுக்கு மேற்படாத கடனுள்ளவர்கள் தவணை முறையிற் செலுத்தித் தீர்ப்பதற்கு நிருவாக ஆணை என்னும் எளிய முறையை அது வகுத்தது. இதே சட்டம் கடனாளியிடம் விட்டுவைக்கப்படும் தொழிற் கருவிகள், உடைகள், படுக்கைகள் ஆகியவற்றின் பெறுமதியை 20 பவுணாக வரையறுத்தது. சிறுவன் டிக்கன்ஸை அச்சுறுத்திய அதே தொகை மீண்டும் தோன்றியது. 1976ஆம் ஆண்டுவரை அது உயர்த்தப்படவில்லை என்பது வியப்புக்குரியது.

விடுதலையின் நிபந்தனைகளும் இறுகின. பவுணுக்குப் பத்துச் சிலிங்காவது தேறாதவிடத்து விடுதலையை மறுக்கவோ ஒத்திவைக்கவோ, அன்றி நிபந்தனை விதிக்கவோ 1890ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்தைப் பணித்தது. விடுதலைக்கு மீண்டும் விண்ணப்பிக்கும் செலவுக்கும் பகிரங்க விசாரணைக்கும் அஞ்சிய பலர் விடுவிக்கப்படாத வங்குரோத்தாளராகவே வாழ்ந்து மடிந்தனர்.

வறுமையால் வங்குரோத்தாக முடியாதவர்

1977ஆம் ஆண்டிற் கென்னத் கோர்க் தலைமையில் நியமிக்கப்பட்ட குழுவின் அறிக்கை 1982ஆம் ஆண்டில் வெளிவந்தது. நுகர்வோர் கடன் பெருகிய சமுதாயத்துக்குப் பழைய வணிகர் சட்டம் பொருந்தாது என அது எடுத்துக்காட்டியது. அதன் வழியே உருவான 1986ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலோருக்கு மூன்றாண்டுகளில் தானாகவே விடுதலை கிடைக்கச் செய்தது. கடன்கொடுத்தோருள் தொகையால் நூற்றுக்கு 75 வீதத்தினர் சம்மதித்தால் அனைவரையும் கட்டுப்படுத்தும் தனிநபர் இணக்க ஏற்பாட்டையும் அது அறிமுகப்படுத்தியது. 2002ஆம் ஆண்டின் சட்டம் விடுதலைக் காலத்தை ஓராண்டாகக் குறைத்தது. இவ்விதி 2004ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

வணிகன் என்ற வரம்பு போயிற்று, சிறை போயிற்று, ஒழுக்கத் தரப்படுத்தலும் போயிற்று. ஆனால் அவ்வாயிலிற் கட்டணம் என்னும் காவலன் இன்னும் நின்றான். வங்குரோத்துக்கு விண்ணப்பிப்போர் நிருவாகச் செலவுக்காக முன்கூட்டியே வைப்புப் பணம் செலுத்த வேண்டும். குறைந்த வருமானமுள்ள ஒரு பெண், 250 பவுண் வைப்புப் பணத்தைத் தன்னால் திரட்ட முடியாதெனவும், நீதிமன்றத்தை அணுகும் தன் உரிமையை அது தடுக்கின்றதெனவும் வழக்காடினார். 1999ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. கடனிறுக்க வகையில்லை என நிலைநாட்டுவதற்கு முதலிற் பணம் வேண்டும் என்ற முரண்பாடு இதனாற் பகிரங்கமாயிற்று.

கடன் நிவாரண ஆணை

இம்முரண்பாட்டைத் தீர்க்கவே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கடன் நிவாரண ஆணை என்னும் முறை வகுக்கப்பட்டு, 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆந் திகதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. இதற்கு நீதிமன்ற விசாரணை இல்லை. அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் ஒருவரின் மூலம் விண்ணப்பம் அனுப்பப்பட, உத்தியோகபூர்வப் பெறுநர் ஆணை வழங்குவார். ஆணை கிடைத்ததும் கடன்கொடுத்தோரின் நடவடிக்கைகள் பன்னிரண்டு மாதங்களுக்கு நிறுத்தப்படும். அக்காலத்தில் நிலைமை மாறாதிருப்பின், ஆண்டிறுதியிற் கடன்கள் அற்றுப்போகும்.

தொடக்கத்தில் விதிக்கப்பட்ட தகுதிகள் வருமாறு: மொத்தக் கடன் 15,000 பவுணுக்கு மேற்படலாகாது; சொத்து 300 பவுணுக்கு மேற்படலாகாது; அவசியச் செலவுகள் போக மாதந்தோறும் எஞ்சுவது 50 பவுணுக்கு மேற்படலாகாது; முந்திய ஆறாண்டுகளில் இத்தகைய ஆணை பெற்றிருத்தலாகாது. கட்டணம் 90 பவுண். அதனைத் தவணையாகவும் செலுத்தலாம்.

இவ்வெண்கள் விரைவிற் பழையனவாயின. 2015ஆம் ஆண்டிற் கடன் வரம்பு 20,000 பவுணாகவும் சொத்து வரம்பு 1,000 பவுணாகவும் உயர்ந்தன. 2021ஆம் ஆண்டு யூனில் அவை முறையே 30,000, 2,000 பவுண்களாயின. மாத எச்சம் 75 பவுணாயிற்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் 90 பவுண் கட்டணம் முற்றாக நீக்கப்பட்டது. அதே ஆண்டு யூனிற் கடன் வரம்பு 50,000 பவுணாயிற்று. வங்குரோத்துக்கு விண்ணப்பிப்போருக்கு 680 பவுண் கட்டணம் தொடர்ந்திருக்க, வறியோருக்கான இவ்வாயில் மட்டும் கட்டணமின்றித் திறக்கப்பட்டது. 1732ஆம் ஆண்டிற் சட்டம் கேட்டது மிகக் குறைந்த கடன் எவ்வளவு என்பதாகும்; 2009ஆம் ஆண்டிற் கேட்டது மிகக் கூடிய கடன் எவ்வளவு என்பதாகும். வாயில் நேரெதிர்த் திசைக்குத் திரும்பியது.

விண்ணப்பிப்போர் எதிர்நோக்கும் இடர்கள்

தகுதி விதிகளைச் சட்டநூலில் வாசிப்பதும், அவற்றை ஒருவரின் வாழ்க்கைக்குப் பொருத்துவதும் வெவ்வேறானவை. சொத்து வரம்பின் காரணமாகச் சொந்த வீடுள்ளவர் பெரும்பாலும் இவ்வாணைக்கு அப்பாற்பட்டவராகின்றார். எதிர்கால ஓய்வூதிய உரிமையும் தொடக்கத்தில் சொத்தாக எண்ணப்பட்டமையால், இன்னும் கையில் வராத பணத்துக்காகப் பலர் தகுதியிழந்தனர். 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் இவ்விதி திருத்தப்பட்டது.

எல்லாக் கடன்களும் அழிவதில்லை. நீதிமன்றத் தண்டப்பணம், பிள்ளைப் பராமரிப்புப் பணம், மாணவர் கடன் ஆகியன நிவாரணத்துக்குப் புறம்பானவை. வீட்டு வாடகை நிலுவை ஆணைக்குட்பட்டு அழியும். எனினும் அந்நிலுவையைக் காரணங்காட்டி வீட்டுரிமையாளர் வீட்டை மீட்கலாம் என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011ஆம் ஆண்டிற் தீர்ப்பளித்தது. கடன் நீங்கிய குடும்பம் குடியிருப்பை இழக்கலாம் என்பது இதன் பொருளாகும். அதே ஆண்டில் உயர் நீதிமன்றம், அரசாங்கம் கூடுதலாகக் கொடுத்துவிட்ட நலக்கொடுப்பனவை ஆணை நடைமுறையிலுள்ள காலத்தில் மாதக் கொடுப்பனவிலிருந்து கழிக்க முடியாது எனத் தீர்த்தமை கடனாளிகளுக்கு ஆறுதலாயிற்று.

விண்ணப்பத்துக்கு முந்திய நடத்தையும் நோக்கப்படும். முன்னைய இரண்டாண்டுகளுக்குள் ஒரு பொருளை உறவினருக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்திருப்பின், அன்றி ஏனையோரை விடுத்து ஒருவரின் கடனை மட்டும் தீர்த்திருப்பின், ஆணை மறுக்கப்படலாம். சகோதரனிடம் வாங்கிய கைமாற்றை முதலிற் கொடுத்துத் தீர்ப்பது குடும்ப ஒழுக்கத்தில் நேர்மை. சட்டத்தின் கண்ணில் அது பாரபட்சம். வறியோர் அறியாமலே வீழ்கின்ற குழி இதுவாகும். ஆலோசகர் ஒருவரின் துணை கட்டாயமாக்கப்பட்டதன் நியாயமும் இங்கேயே புலப்படும். மேலும் ஆணை பெற்றவரின் பெயர் பொதுப் பதிவேட்டில் இடம்பெறும். ஆணைக் காலத்தில் அவர் 500 பவுணும் அதற்கு மேலும் கடன் பெறுவதாயின் தம் நிலையை அறிவித்தல் வேண்டும். கம்பனிப் பணிப்பாளராக இருத்தலும் இயலாது. இத்தடைகள் தண்டனை மரத்தையும் அறுபட்ட காதையும் நினைவூட்டாவிடினும், கடனாளி பகிரங்கமாக அடையாளங் காணப்பட வேண்டும் என்ற பழைய எண்ணத்தின் மென்மையான எச்சங்களே.

முடிவுரை

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, நிவாரணம் முதலில் வலியோரையே சென்றடைந்தது. 1705ஆம் ஆண்டில் வணிகனுக்குக் கிடைத்த முழு விடுதலை, கூலித் தொழிலாளிக்கு அவன் செலுத்தக்கூடிய கட்டணத்திற் கிடைப்பதற்கு மூன்று நூற்றாண்டுகள் சென்றன.

இரண்டாவது, சட்டத்தில் எழுதப்படும் எண் நடுநிலையானதன்று. விலைவாசி உயர, எழுதிய எண் நிற்க, தகுதியுடையோரின் வட்டம் ஓசையின்றிச் சுருங்குகின்றது. 1981ஆம் ஆண்டில் நிருவாக ஆணைக்கு விதிக்கப்பட்ட 5,000 பவுண் வரம்பு நாற்பது ஆண்டுகளின் பின்னரும் மாறாதிருந்தமையால், தொழிலாளருக்கென வகுக்கப்பட்ட அம்முறை ஏறத்தாழ வழக்கொழிந்தது. ஒரு சட்டத்தை நீக்காமலே அதனைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

மூன்றாவது, உரிமையும் அதனை அடையும் வழியும் வெவ்வேறானவை. கட்டணம், படிவம், கால எல்லை, ஆலோசகர் இன்மை என்பன ஒவ்வொன்றும் சட்டம் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வல்லன. இலங்கையிற் கடன் சுமையால் வருந்தும் கிராமியக் குடும்பங்களுக்கு நிவாரணம் பற்றிச் சிந்திப்போர் இதனை மனங்கொள்ளுதல் தகும். ஆங்கிலேயரிடமிருந்து 1853ஆம் ஆண்டில் நாம் அவர்களது சட்டத்தின் வாசகத்தைப் பெற்றுக்கொண்டோம். அதன்பின் அவர்கள் தம் தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டவையே அவ்வாசகத்தினும் பெறுமதி வாய்ந்தவை. நிவாரணச் சட்டமொன்றின் நன்மையை அளக்க விரும்புவோர், அது எத்துணைக் கருணையோடு எழுதப்பட்டுள்ளது என்பதை மட்டும் நோக்குதல் போதாது. அதன் வாயிலிற் தகுதியில்லை எனத் திருப்பியனுப்பப்பட்டோர் யாவர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.